சின்னத்துரை இருக்கிறாரா?

யோகா அக்காவை அரசாங்கம் சாகடித்த நாளில் அவர் என் பக்கத்தில் நின்று கோவா வெட்டிக்கொண்டிருந்தார். செவன் ஹில்ஸில் உள்ள எங்கள் தொழிற்சாலைக்குள் எந்த நேரமும் நாலு பாகைக் குளிர்தான். இரண்டு சோடி கையுறை, தலைக்கு வலை, காலுக்கு றப்பர் சப்பாத்து என்று நின்று கரட், கோவா, வெங்காயம் என்று மரக்கறி எல்லாவற்றையும் வெட்டி, பைகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். அந்தக் குளிரில் யார் உயிரோடு நிற்கிறார், யார் விறைத்துப்போய் நிற்கிறார் என்று எங்கள் சூப்பர்வைசருக்கே சில நாள் தெரியாது. ஆனால் யோகா அக்கா உயிரோடுதான் நின்றார். அதற்கு நானே சாட்சி.

இதை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. எழுதப்போகிறேன் என்றபோது, "உனக்கு வேற வேலை இல்லையே, பேர்ள்" என்றார். வேறு வேலை நிறைய இருக்கிறது. ஆனால் என் வாய் சும்மா கிடக்காது, கையும் அப்படித்தான். அந்த அலுவலகத்தின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். வேலை போனவர்களுக்கும் வேலை குறைந்தவர்களுக்கும் உதவிப் பணம் கொடுக்கிற இடம் என்றால் உங்களுக்கு விளங்கும். பெயரை எழுதினால் எனக்கும் ஒரு கடிதம் வரும்.

யோகா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. 2011இல் இந்த நாட்டுக்கு வந்தவர். வந்த மறு வருடம் எங்கள் தொழிற்சாலையில் சேர்ந்து, அன்று தொடக்கம் ஒரே லைனில் நிற்கிறார். கலியாணம் செய்யவில்லை. ஸ்டேஷனுக்குக் கிட்ட, லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஓர் அறை வீடு. வாடகை வீடுதான், ஆனால் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவருடையது. ஐம்பது வயதில் கார் ஓட்டப் பழகினார். நாலு தரம் பெயில் விட்டு ஐந்தாம் தரம் லைசன்ஸ் எடுத்தார். நாலாவது தரம் பெயில் விட்ட அன்று நாங்கள் ஆறுதல் சொல்லப் போனால், அவர் அடுத்த திகதிக்குப் பதிந்துவிட்டு உட்கார்ந்து வெண்டிக்காய் நறுக்குகிறார். இங்கிலீஷ் கதைப்பது கொஞ்சம் தட்டும். ஆனால் வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் சொல்லுக்குச் சொல் விரலை வைத்து வாசிப்பார். விளங்காத சொல்லைக் கேட்காமல் விடமாட்டார். பொறுமை இல்லாத என்னைப் போன்றவளுக்கு அது பெரிய சோதனை.

பெப்ரவரியில் ஒரு பெரிய கடைக்காரன் எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டான். ஐந்து நாள் வேலை இரண்டு நாளானது. எனக்குப் பரவாயில்லை, என்னுடைய மனுசன் வின்சன்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக், அடுப்பு எரியும். யோகா அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? மெல்பேர்னில், கிரான்பர்னில், ஒரு தம்பி. பெயர் தேவராஜா. அவர் கேள்விப்பட்ட அன்றே போன் எடுத்தார்.

"அக்கா, வீட்டைக் குடுத்திட்டு இஞ்ச வாங்கோ. ஒரு அறை சும்மாதான் கிடக்கு. உங்களுக்கு என்ன குறை வைக்கப்போறம்?"

"யோசிச்சுச் சொல்லுறன், தம்பி" என்றார் யோகா அக்கா. யோசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். யோசிக்கிற முகம் அது இல்லை.

அவர் யோசித்தது வேறு. வேலை குறைந்தவர்களுக்கும் அந்த அலுவலகம் ஒரு பகுதிப் பணம் கொடுக்கும். இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு, ஒருமுறை, கையில் வந்த சம்பளம் எவ்வளவு என்று ஒன்லைன் கணக்கில் எழுதவேண்டும். அதற்கு ஏற்றபடி குறைத்து மிச்சத்தைத் தருவார்கள். சாப்பாட்டு அறையில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். இரண்டு நாளை வைத்துக்கொண்டு ஏன் மினக்கெடுகிறாய், அதையும் விட்டுவிட்டு முழுப் பணத்தையும் எடு என்றது ஒரு கூட்டம். போயும் போயும் அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்றது மற்றக் கூட்டம். நான் இரண்டாவது கூட்டம், மறைப்பானேன்.

"வேலை இருக்கிற நாளுக்கு வேலை செய்வன்" என்றார் யோகா அக்கா. "இல்லாத நாளுக்குத்தான் கேக்கிறன். பதின்மூண்டு வருசம் வரி கட்டினனான், பேர்ள். இதில என்ன வெக்கம் கிடக்கு?"

ஒரு செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்தைத் தொடங்கினார். தொடங்கினால் பதினாலு நாளுக்குள் எல்லாக் கடதாசியும் போட்டு முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் மூடப்பட்டுவிடும், திரும்ப ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவேண்டும். வீட்டு ஏஜென்ட் வேறு அந்த மாத முடிவுக்குள் பதில் கேட்டிருந்தான்: இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்தா, திறப்பைத் தருகிறாயா என்று. வருமானத்துக்கு அத்தாட்சி இல்லாமல் அவன் கையெழுத்து வாங்கமாட்டான். ஆகவே அந்தப் பதினாலு நாளில்தான் அவருடைய வீடு தொங்கிக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் கதை சொல்லவேண்டும். நான் பேர்ள் குரூஸ். மன்னார்க் கத்தோலிக்கரான எங்களுக்குப் போர்த்துக்கேயன் வேறு என்ன செய்தானோ, ஒரு குடும்பப் பெயரைத் தந்துவிட்டுப் போனான். எந்தப் படிவத்திலும் எனக்குத் தடங்கல் வந்ததில்லை. யோகா அக்காவின் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு: சின்னத்துரை யோகேஸ்வரி. இங்கே முன்னுக்கு இருப்பது ஆளின் பெயர், பின்னுக்கு இருப்பது குடும்பம். விமானத்தால் இறங்கிய அன்றைக்கு எவனோ ஒருவன் அப்படியே பதிந்துவிட்டான். அன்று தொடக்கம் அரசாங்கத்துக்கு யோகா அக்காவின் பெயர் சின்னத்துரை, குடும்பம் யோகேஸ்வரி. கடிதம் எல்லாம் 'அன்புள்ள சின்னத்துரை' என்றுதான் வரும். மாற்றச் சொல்லி நான் பத்துத் தரம் சொல்லியிருப்பேன். "கிடக்கட்டும்" என்பார்.

விண்ணப்பம் தொடங்கிய மறுநாள், வேலை முடிந்து காரில் ஏறும்போது அவருக்கு ஒரு போன் வந்ததாம். அடுத்த வேலை நாளில்தான் எனக்குச் சொன்னார். ஒபீஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எடுத்தது, இடையில் மொழிபெயர்க்க ஓர் இந்தியத் தமிழ்ப் பெண்ணும் இருந்தது, இரண்டு பேரும் நல்ல மாதிரி கதைத்தார்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அவ்வளவோடு விட்டேன்.

அதற்குப் பிறகு கணக்கு திறக்கவில்லை.

முதலில் பாஸ்வேர்ட் பிழை என்று நினைத்தோம். மாற்றிப் போட்டோம். போனுக்கு வருகிற இலக்கம் வந்தது, அடித்தோம், 'இந்தக் கணக்கைத் திறக்க முடியாது, எங்களோடு தொடர்பு கொள்ளவும்' என்றது. தொடர்பு கொண்டால் பாட்டுப் போட்டார்கள். ஒரு நாள் ஐம்பத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்டு, கடைசியில் லைன் வெட்டுப்பட்டது. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. போனைத் தூக்கிக் கரட் பெட்டிக்குள் எறியப் போனேன். யோகா அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, திரும்ப முதலிலிருந்து இலக்கத்தை அழுத்தினார். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார்: எத்தனை மணிக்கு எடுத்தது, யார் கதைத்தது, என்ன சொன்னது.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. சாப்பாட்டு அறையில் அவர் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது சொல்லில் நின்று என்னிடம் தந்தார். நான் வாசித்தேன். 'சின்னத்துரை யோகேஸ்வரியின் குடும்பத்தினருக்கு, உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று இருந்தது. இந்தத் துயரமான நேரத்தில் நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, விண்ணப்பத்தை நாங்களே மூடிவிடுவோம் என்றும் இருந்தது.

"அக்கா, நீங்கள் செத்துப்போனியளாம்" என்றேன்.

அவர் சோற்றுப் பெட்டியை மூடி வைத்தார். "எப்ப?"

"போன கிழமை, புதன்."

"புதன்கிழமை எனக்கு அஞ்சு மணி ஷிப்ட்" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

அன்று பின்னேரம் அவருடைய வீட்டிலிருந்து போன் எடுத்தோம். நாற்பது நிமிடப் பாட்டுக்குப் பிறகு ஓர் ஆண் வந்தான். நான்தான் கதைத்தேன். யார் கதைக்கிறது என்று கேட்டான். சிநேகிதி என்றேன். இறந்தவரின் விபரத்தைச் சிநேகிதிக்குச் சொல்லமுடியாது என்றான். சரி, ஆளையே தருகிறேன் என்று போனை யோகா அக்காவின் வாயருகில் பிடித்தேன். பெயர் கேட்டான். "சின்னத்துரை" என்றார் அவர். சின்னத்துரை இறந்துவிட்டாரே, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு நல்ல தமிழில் நாலு சொல் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை, அது அவனுடைய நல்ல காலம். கடைசியில், அடையாளக் கடதாசிகளோடு ஆளை நேரில் வரச் சொன்னான். செத்த ஆளைத்தான்.

போனை வைத்த பிறகு கேட்டேன். "அக்கா, அண்டைக்கு அந்தப் பெட்டையளோட என்ன கதைச்சனியள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

அவர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு சொன்னார். போனை எடுத்ததும் அந்த இந்தியப் பெண், "வணக்கம்மா, சின்னத்துரை இருக்காருங்களா? அவரோட பேசணும்" என்றதாம். கடிதத்தில் அந்தப் பெயரை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு தமிழ்க் குரல், ஒரு மனிதரைக் கேட்பது போல, இருக்கிறாரா என்று கேட்டது இங்கே வந்த இந்தப் பதினாலு வருடத்தில் அதுதான் முதல் தரம்.

"கவுண்மேந்து ஒபீஸ் எண்டு சொல்லுது. அப்பாவைக் கேக்குது. ஏதோ தகவல் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சிட்டன்."

அவருடைய அப்பா 2009இல், வன்னியிலிருந்து சனம் வெளியேறியபோது, கூட்டத்துக்குள் பிடித்த கை விட்டுப்போனவர். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை, பெயர்ப் பட்டியல் ஒன்றிலும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற இடங்களிலெல்லாம் யோகா அக்கா பதிந்து வைத்திருக்கிறார். ஆகவே அந்தக் குரல் கேட்டதும், அப்பாவைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவர் இல்லீங்களாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறது. "அவரை நாங்கள் தவறவிட்டிட்டம்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தவறவிட்டோம் என்பதை அந்தப் பெண் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கும்: 'வீ லொஸ்ட் ஹிம்.' இங்கிலீஷில் ஒருவரை 'லொஸ்ட்' என்றால் செத்துவிட்டார் என்றுதான் கேட்பவர் எடுப்பார். யோகா அக்கா சொன்னதும் சரி, மொழிபெயர்த்ததும் சரி, கேட்டவள் விளங்கிக்கொண்டதும் சரி. எல்லாரும் சரியாகச் செய்து ஓர் ஆளைச் சாகடித்துவிட்டார்கள். யாரைப் பிடித்து ஏசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த வெள்ளைக்காரி வருத்தம் சொல்லுறா எண்டும் அந்தத் தமிழ்ப் பிள்ளை சொன்னது" என்றார் யோகா அக்கா. "நானும் நன்றி எண்டு சொன்னனான்."

அந்த வீட்டில் அவருடைய அப்பாவின் படம் மேசைக்கு நேரே சுவரில் இருக்கிறது. சாதாரணப் படம், வெள்ளைச் சேட்டு, வெற்றிலை போட்ட வாய். மாலை இல்லை, பொட்டு இல்லை, முன்னால் விளக்கு இல்லை. எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன், தம்பி வீட்டிலும் இந்தப் படம் இருக்கிறதா என்று.

"இருக்கு. மாலை போட்டுக் கிடக்கு. வருசா வருசம் மே மாதம் திவசம் செய்யிறான். அவனைப் பிழை சொல்லேல்லை, அவனுக்கு ஒரு முடிவு வேணும். எனக்கு ஏலாது, பேர்ள். அங்க போனா மூண்டு நேரமும் அந்த மாலைக்குக் கீழ இருந்துதான் சாப்பிட வேணும்."

ஓர் அறை வீட்டுக்கு ஏன் இந்த மனுசி உயிரைக் கொடுக்கிறது என்று நான் அதுவரை விளங்காமல்தான் கூடத் திரிந்திருக்கிறேன். வாடகைக்காக இல்லை, வேலைக்காகக்கூட இல்லை. உலகத்தில் அவருடைய அப்பா சாகாமல் இருக்கிற ஒரே வீடு அது.

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நாள் சனி, ஞாயிறு, அலுவலகம் பூட்டு. பதினாலாம் நாள் திங்கட்கிழமை, எங்கள் இரண்டு பேருக்கும் வேலை நாள். நான் சுகமில்லை என்று பொய் சொன்னேன். யோகா அக்கா பொய் சொல்லமாட்டார், காலை ஷிப்டை முடித்துவிட்டுத்தான் வந்தார். அலுவலகத்தில் எங்கள் இலக்கம் வரும்போது நேரம் மூன்று மணி தாண்டிவிட்டது. மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி. கழுத்தில் சிறிய சிலுவை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அவ நல்ல மனுசி. கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் பார்த்தா. யோகா அக்காவின் முகத்தையும் பார்த்தா. அப்பாவின் பெயரால் வந்த குழப்பம் என்று நான் சொன்னதும், திரையைப் பார்த்துத் தலையைப் பிடித்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: இதை இன்றைக்கே திருத்தலாம், ஆனால் மேலதிகாரி நாலரைக்குப் போய்விடுவார். இலகுவான வழி ஒன்று இருக்கிறது. இறந்தது உங்கள் அப்பா, அதே பெயர் என்பதால் பிழையாக உங்கள் கணக்கில் பதிந்துவிட்டார்கள் என்று ஒரு சத்தியக்கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால், பத்து நிமிட வேலை.

நான் அவ முடிக்கமுதல் பேனையை எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் கடகடவென்று எழுதினேன். 'மை லேற் பாதர், சின்னத்துரை' என்று தொடங்கி ஆறு வரி. யோகா அக்காவின் முன்னால் வைத்து, "அக்கா, கெதியாய் வையுங்கோ" என்றேன்.

அவர் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். சுவரில் மணி மூன்றே முக்கால். இரண்டாவது சொல்லில் விரல் நின்றது.

"லேற் எண்டா பிந்தி வாறதுதானே?" என்றார். "பிந்தி வாற அப்பா எண்டோ எழுதியிருக்கிறாய்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உண்மையாகத்தான் கேட்டார். எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சொல் ஒவ்வொரு நாளும் புழங்கும்: இன்றைக்கு இவர் லேற், நாளைக்கு அவர் லேற். அவருக்கு அந்த ஓர் அர்த்தம்தான் தெரியும். அந்த அர்த்தத்தில் அவருக்கு அந்தச் சொல் பிடித்தும் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஓம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். கணக்குத் திறந்திருக்கும், வீடு தப்பியிருக்கும். அவருக்கு ஒரு நாளும் தெரிந்தும் இராது. சொல்லத்தான் நினைத்தேன், யேசுவே, வாய்வரைக்கும் வந்தது.

"இல்லை அக்கா" என்றேன். "லேற் எண்டா, ஆளுக்குச் சொன்னா, செத்தவர் எண்டு அர்த்தம்."

அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"இது ஏலாது."

"அக்கா, இது வெறும் கடதாசி."

"கடதாசி எண்டபடியாத்தான் ஏலாது. சத்தியம் எண்டு தலைப்புப் போட்டிருக்கிறாய். கீழ என்ர கையெழுத்து."

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. அந்த அலுவலகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "பதினாறு வருசம் அக்கா! இருந்தா இப்ப அவருக்கு எண்பத்தாறு வயது. இண்டைக்கு விட்டா வீடு போகுது. தம்பி வீட்டை போய் அந்த மாலைக்குக் கீழ இருக்கப் போறியளோ? அதை விட இது பெரிசோ?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வீடு போனா வேற வீடு பாப்பன். கார் இருக்கு, காருக்குள்ளயும் நாலு நாள் படுப்பன். திரும்ப விண்ணப்பம் போடுவன், திரும்பப் பதினாலு நாள் நிப்பன். இதில கையெழுத்து வைச்சா, அதுக்குப் பிறகு நான் எங்க போய் அவரைத் தேடுறது? எந்த ஒபீஸில போய்க் கேட்டாலும், நீதானே செத்தவர் எண்டு எழுதிக் குடுத்தனீ எண்டு கேப்பினம்."

மேசைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. என்ன பிரச்சினை என்று கேட்டா. நான் சொன்னேன். மெதுவாக, அவசரப்படாமல், என் வாழ்க்கையில் முதல் தரமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னேன். 'லொஸ்ட்' என்று சொல்லாமல் 'மிஸ்ஸிங்' என்று சொன்னேன். அவ கையை வாயில் வைத்தா.

பிறகு யோகா அக்கா ஒரு வெறும் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "நான் சொல்லுறதை மட்டும் இங்கிலீஷில எழுது. கூட்டாத, குறைக்காத" என்றார். நான் எழுதினேன்.

நான் சின்னத்துரை யோகேஸ்வரி. நான் சாகவில்லை. என்னுடைய அப்பாவின் பெயர் சின்னத்துரை. அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. அவர் செத்துவிட்டார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

வாசித்துக் காட்டினேன். அவர் விரலை வைத்துத் தானும் ஒருமுறை வாசித்தார். ஒரு சொல்லிலும் நிற்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

அந்தப் பெண்மணி தாளைப் பார்த்துவிட்டு, முதல் இரண்டு வசனமும் எங்களுக்குப் போதும், மற்றவை தேவையில்லை, வெட்டவா என்று கேட்டா. நான் மொழிபெயர்த்தேன். "வெட்ட வேண்டாம் எண்டு சொல்லு" என்றார் யோகா அக்கா. அவ தலையை ஆட்டிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. ஓடித்தான் போனா. மணி நாலு பத்து.

நாங்கள் இருந்தோம். நான் செபமாலையில் பாதி சொல்லி முடித்தேன். யோகா அக்கா கொப்பியை எடுத்து அன்றைய திகதி, வந்த நேரம், அந்தப் பெண்மணியின் மேசை இலக்கம் எல்லாவற்றையும் எழுதினார். மறுத்தால் அடுத்ததாக எங்கே போவது என்றும் ஒரு வரி எழுதி வைத்தார். எட்டிப் பார்த்தேன், எங்கள் தொழிற்சங்கத்தின் போன் இலக்கம். மனுசி தோற்கவும் ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் அதோடு விட்டுவிடுவதற்கு இல்லை.

நாலு இருபத்தெட்டுக்கு அவ வந்தா. கதிரையில் உட்கார்ந்து கீபோர்டில் தட்டினா. பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினா. கணக்குத் திறந்து கிடந்தது. சம்பளத் துண்டை அங்கேயே வைத்து ஏற்றினோம். இரண்டு கிழமையிலும் இரண்டிரண்டு நாள் வேலைக்கு வந்த சம்பளத்தை யோகா அக்கா தன் கையாலேயே அடித்தார், ஒற்றை விரலால். விண்ணப்பம் முடிந்தது, பகுதிப் பணத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று வந்தது. ஏஜென்டுக்குக் காட்ட அதில் ஒரு பிரதியும் எடுத்துத் தந்தா.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, மூக்கைச் சிந்தி அழுதேன்.

எழும்பும்போது அந்தப் பெண்மணி இன்னொரு படிவத்தை நீட்டினா. இனி இப்படி நடக்காமல் இருக்க, பெயரை ஒழுங்குபடுத்திவிடலாம்: யோகேஸ்வரியை முன்னுக்கு, சின்னத்துரையைப் பின்னுக்கு. அப்பாவின் பெயர் எங்கேயும் போகாது, குடும்பப் பெயராக இருக்கும். ஒரு கையெழுத்துத்தான். நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது இதைத்தான். சந்தோஷமாக யோகா அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். இனி உங்களை யோகேஸ்வரி என்றுதான் கூப்பிடுவார்கள், போனிலும் அப்படித்தான் கேட்பார்கள் என்றேன்.

அவர் படிவத்தைத் தொடவில்லை.

"பிறகு ஆர் போன் எடுத்து அப்பா இருக்கிறாரோ எண்டு கேப்பினம்?" என்றார்.

இவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டா. நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், மாற்ற வேண்டாமாம் என்று மட்டும் சொன்னேன்.